டவுண்டன் அபே: மனதில் இருப்பதைச் சொல்லாத ஒரு வீடு

போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "டவுண்டன் அபே மூணாவது படமும் வந்துடுச்சாமே, நேரா படத்தைப் பார்த்தா போதுமா, இல்ல ஆறு சீசனும் பார்த்துட்டுத்தான் வரணுமா?" போனில் சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு: இது யார்க்‌ஷயரில் ஒரு பிரபுவின் மாளிகையில் மாடியில் வாழும் குடும்பத்தையும் கீழே வேலை பார்ப்பவர்களையும் பற்றிய பிரிட்டிஷ் டிவி தொடர்.

அந்த டிவிடி செட் என் வீட்டில் பல வருஷமாக இருக்கிறது. மூணாறில் ஆடி மாதம் வெளியே தலைகாட்ட முடியாது. சன்னலைச் சாத்திவிட்டு இதை ஓடவிடுவது வழக்கமாகிவிட்டது. 2010இல் தொடங்கி 2015 கிறிஸ்துமஸோடு முடிந்தது, 52 பாகம், எழுதியவர் ஜூலியன் ஃபெல்லோஸ், படம் பிடித்தது ஹைகிளேர் கோட்டையில் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். உடைகளைப் பற்றியும், பாட்டியாக வரும் மேகி ஸ்மித்தின் வசனங்களைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு இந்தத் தொடரோடு இருக்கும் சண்டை ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டில் யாரும் மனதில் இருப்பதை உரியவரிடம் சொல்வதில்லை.

முதலில் மேரியும் மேத்யூவும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கி வாரிசு போய்விடுகிறான். மான்செஸ்டரில் வக்கீலாக இருக்கும் தூரத்துச் சொந்தம் மேத்யூவுக்குப் பட்டமும் எஸ்டேட்டும் போகப்போகிறது. சொத்தை ஆண் வாரிசுக்கென்றே கட்டி வைத்திருப்பதால் பிரபுவின் மூத்த மகள் மேரிக்கு ஒன்றும் கிடையாது. பிடிக்காமல் ஆரம்பித்து, மெல்லப் பிடித்துப்போய், அவன் கல்யாணத்துக்குக் கேட்கும்போது மேரி பதில் சொல்லாமல் இழுக்கிறாள். அம்மா அந்த வயதில் உண்டாகியிருக்கிறாள்; பிறப்பது பையனாக இருந்தால் மேத்யூ வெறும் வக்கீல்தான், கொஞ்சம் பொறுத்துப் பார் என்று அத்தை காதில் போடுகிறாள். அதற்கும் மேலே, துருக்கித் தூதரகத்துப் பமுக் ஒரு ராத்திரி அவள் படுக்கையிலேயே இறந்துபோன விவகாரம். அதைச் சொல்லாமல் எப்படிக் கட்டிக்கொள்வது, சொல்லிவிட்டு எப்படி அவன் முகத்தில் விழிப்பது? அந்தக் காலத்தில் அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு இது வாழ்வா சாவா என்கிற பிரச்சினை. இந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம் நடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பட்டத்துக்காகத்தான் யோசித்தாள் என்று நினைத்து அவன் விலகுகிறான். 1914 ஆகஸ்டில் போர் வந்துவிடுகிறது. அவன் லவீனியா என்ற பெண்ணை நிச்சயம் செய்துகொண்டு வருகிறான், இவளும் பின்னால் ஒரு பத்திரிகை முதலாளிக்குச் சரி சொல்லப்போகிறாள். அதற்கு முன் ஒரு நாள் விடிகாலையில், போர்முனைக்குத் திரும்புகிறவனைத் தேடி ரயில் நிலையத்துக்குப் போய், சின்ன வயதிலிருந்து வைத்திருந்த ஒரு குட்டித் துணி நாயை அவன் கையில் கொடுக்கிறாள். ராசியான பொம்மை, ஒரு கீறல் இல்லாமல் திருப்பிக் கொண்டுவா என்கிறாள். சொல்ல வேண்டியது அத்தனையும் அந்த உள்ளங்கை அளவு பொம்மைக்குள் இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும், கூடவே ஆத்திரமும் வரும். ரயில் நிற்கிறது, ஆள் எதிரே நிற்கிறான், இன்னும் என்ன வேண்டும்?

பமுக் விஷயத்தை அவள் வாயால் அவன் கேட்பது 1919 கிறிஸ்துமஸில். கேட்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உன்னை என்னால் வெறுக்கவே முடியாது என்கிறான். ஐந்து வருஷத்துக்கு மேல் அவள் எந்தப் பதிலுக்குப் பயந்தாளோ, அந்தப் பதில் அவனிடம் இல்லவே இல்லை. அதற்குள் ஒரு பாவமும் செய்யாத லவீனியா, இவர்கள் இருவரும் கூடத்தில் முத்தமிடுவதைப் படியில் நின்று பார்த்துவிட்டு, ஸ்பானிஷ் ஃப்ளூவில் செத்தே போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்காகத்தான் எனக்கு மேரி மேல் இன்றைக்கும் வருத்தம்.

ஒரு ஜோடிக்கு இப்படி என்றால் கதை என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஃபெல்லோஸ் இதை விடவே மாட்டேன் என்கிறார். மேரியின் தங்கை ஈடித், கல்யாணமாகாமல் பெற்ற மகள் மாரிகோல்டைப் பற்றி, தன்னைக் கட்டிக்கொள்ள வந்த பெர்ட்டியிடம் சொல்லாமல் சொல்லாமல் நாளைக் கடத்த, கடைசியில் காலைச் சாப்பாட்டு மேசையில் அக்கா போட்டு உடைக்கிறாள். ஊர் டாக்டர் கிளார்க்சன் திர்ஸ்க் என்ற ஊர்த் திருவிழாவில் மேத்யூவின் அம்மா இசபெலிடம் மெல்லப் பேச்சை எடுக்கிறார். எதற்கு வருகிறார் என்று புரிந்துகொண்ட அந்த அம்மாள் அவர் கேட்கும் முன்பே நயமாக மறுத்துவிடுகிறார். இவரும் எதையும் கேட்க வராதவர்போல அப்படியே விட்டுவிடுகிறார். பிரபுவின் அந்தரங்க வேலையாள் பேட்ஸ் இன்னொரு ரகம். பிரிந்துபோன மனைவி செய்த திருட்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஜெயிலுக்குப் போன மனுஷன், அதைத் தன்னை விரும்பும் பணிப்பெண் அன்னாவிடம்கூடச் சொல்ல மாட்டார். அவள் லண்டனுக்குப் போய் அவருடைய அம்மாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள்.

அந்த வீட்டில் நேருக்கு நேர் சொன்னது அந்த அன்னா ஒருத்திதான். உங்களை நேசிக்கிறேன் மிஸ்டர் பேட்ஸ், ஒரு சீமாட்டி இப்படிப் பேச மாட்டாள் என்று தெரியும், நான் சீமாட்டி இல்லை என்கிறாள். சாதாரண வேலைக்காரப் பெண். முதல் சீசனிலேயே சொல்லிவிடுகிறாள். மாடியில் இருக்கிறவர்களுக்கு இருந்த வசதியில் ஒன்றும் இவளுக்குக் கிடையாது, வேலை போய்விடும் என்ற பயம்தான் உண்டு. ஆனாலும் சொன்னாள். அந்தக் காட்சிக்காக அன்னாவை நான் கொண்டாடுவேன்.

சரி, இவ்வளவு கோபம் இருந்தும் இந்த செட்டை ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறேன் என்றால், கார்சனுக்காகவும் மிஸஸ் ஹியூஸுக்காகவும்.

நடிப்பது ஜிம் கார்ட்டரும் ஃபிலிஸ் லோகனும். ஒருவர் பட்லர், ஒருவர் ஹவுஸ்கீப்பர். (மிஸஸ் என்பது அந்த வேலைக்கு மரியாதைக்காகச் சொல்வது, அவர் கல்யாணமாகாதவர்.) ராத்திரி எல்லாரும் படுக்கப் போனபின் ஆளுக்கு ஒரு கிளாஸ் ஒயினோடு உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைப் பேசுவார்கள். வருஷக்கணக்கில் அவ்வளவுதான். இவர்களும் மனதில் இருப்பதைச் சொல்வதில்லை. ஆனால் இவர்கள் மேல் எனக்குக் கோபம் வராது, காரணம் என் வீட்டிலேயே இருந்தது. என் தாத்தா இங்கே எஸ்டேட் பங்களாவில் பட்லர். கயத்தாறு பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்தில் பங்களா வேலைக்குச் சேர்ந்தவர். துரை சாப்பிடும் மேசையில் கேட்ட ஒரு சொல் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்துவிடக் கூடாது, முகத்தில்கூடத் தெரியக் கூடாது. நாள் முழுக்க அப்படி நின்றவருக்கு வீட்டுக்கு வந்ததும் வாய் எப்படித் திறக்கும்? ஆச்சி கொழுந்து எடுக்கப் போகிறவள். தாத்தா ராத்திரி வெகுநேரம் கழித்து வருவார், டிபனில் பங்களாவில் மிஞ்சிய கேரமல் கஸ்டர்ட் இருக்கும். அடுப்புப் பக்கத்தில் வைத்து, "பிள்ளைகளுக்கு" என்பாராம். பிள்ளைகள் எப்போதோ தூங்கியிருப்பார்கள். அது இரண்டு பேருக்கும் தெரியும். ஆச்சி எடுத்துச் சாப்பிடுவாள், அவர் சட்டையைக் கழற்றி மாட்டுகிற சாக்கில் நின்றுகொண்டிருப்பார். பாதித் தூக்கத்தில் கிடந்த என் அம்மா பார்த்துச் சொன்னது இது.

அதனால்தான் கார்சனின் ஒவ்வொரு அசைவும் எனக்கு விளங்குகிறது. மேரிக்கு வாயைக் கட்டியது அவள் பயம். கார்சனுக்கு வாயைக் கட்டியது அவர் பார்த்த வேலை. இந்த வித்தியாசத்தைத் தொடர் ரொம்பச் சரியாகப் பிடித்திருக்கிறது. 2013 கிறிஸ்துமஸ் பாகத்தின் முடிவில் வேலைக்காரர்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போகிறார்கள். காலை நனைக்கவே யோசிக்கிற மனுஷனிடம், தடுமாறினால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாமே என்கிறார் மிஸஸ் ஹியூஸ். கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இரண்டு பேரும் கைகோர்த்துத் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள்.

ஐந்தாவது சீசன் 1924இல் நடக்கிறது. லண்டனில் வெம்பிளிக் கண்காட்சியைத் திறந்துவைத்து மன்னர் பேசுவதைக் கேட்க அந்த வீட்டுக்கு ரேடியோ வருகிறது. அதே வருஷம் ஜூலையில்தான் இங்கே வெள்ளம் வந்து மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே ஓடிய குட்டி ரயிலை அடித்துக்கொண்டு போனது. மலையாளத்தில் இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றுதான் சொல்வார்கள், கொல்லம் ஆண்டு 1099. அதுவரை எங்கள் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போய், அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகப் போனது. டவுண்டனில் வெள்ளிக் கெண்டியிலிருந்து தேநீர் ஊற்றும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாதை ஞாபகம் வரும்.

அந்த 1924 கிறிஸ்துமஸில்தான் கார்சன் கேட்கிறார். அதுவும் எப்படி? சேர்ந்து ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடுவோம் என்று முதலீடு பேசுவதுபோல அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். வீடுவீடாகப் போய்ப் பார்க்கிறார்கள். கடைசியில் மிஸஸ் ஹியூஸ், என்னிடம் சேமிப்பு ஒன்றும் கிடையாது, இருந்ததெல்லாம் மனநிலை சரியில்லாத சகோதரிக்கே போய்விட்டது என்று உடைத்துச் சொல்லிவிடுகிறார். இவர் போய் இரண்டு பேர் பெயரிலும் வீட்டைப் பதிவு செய்துவிட்டு வந்து நிற்கிறார். பத்திரத்தில் பெயரைச் சேர்த்தபிறகுதான் கல்யாணப் பேச்சே வாயில் வருகிறது. தன் மனதைக் காட்ட அந்த மனுஷனுக்குத் தெரிந்த வழி அதுதான். அந்த அம்மாளும், நீங்கள் கேட்கவே மாட்டீர்கள் என்று நினைத்தேன் என்கிறார்.

இதற்கு மேலே ஒன்று இருக்கிறது. ஆறாவது சீசன் தொடக்கத்தில் மிஸஸ் ஹியூஸுக்கு ஒரு கலக்கம். இந்த வயதில் கல்யாணம் என்றால் எல்லாமும்தானா, இல்லை துணைக்குத் துணையாக இருந்தால் போதுமா? அவரிடம் கேட்க வாய் வரவில்லை. சமையல்கார மிஸஸ் பேட்மோரைத் தூது அனுப்புகிறார். அந்த அம்மாள் கார்சன் முன்னால் நின்று விஷயத்தைத் தொடாமலே சுற்றிச் சுற்றி வர, கார்சனுக்கு நிஜமாகவே புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவர் என் கண்ணுக்கு அழகு, எங்களுக்கு மிச்சமிருக்கும் காலத்தில் இரண்டு மனுஷர் எவ்வளவு நெருக்கமாக வாழ முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வாழ ஆசைப்படுகிறேன் என்கிறார். மேத்யூ மேரியிடம் பனியில் கேட்டு வாங்கிய சம்மதத்தைவிட இதுதான் இந்தத் தொடரின் பெரிய காதல் வசனம். ஆனால் சொல்லப்பட வேண்டியவர் அங்கே இல்லை, சமையல்கார அம்மாள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

என் ஆச்சியும் இப்படித்தான். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போக வேண்டும் என்றால் தாத்தாவிடம் கேட்க மாட்டாள். கங்காணி வீட்டு அக்காவை அனுப்பிக் கேட்பாள். அவரும் அந்த அக்காவிடமே, "போயிட்டு வரச் சொல்லுங்க, ரூபா பெட்டியில இருக்கு" என்பாராம். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்தான் இருந்தார்கள்.

கல்யாணத்துக்குப் பின்னும் வேலை நேரத்தில் அவர்கள் மிஸ்டர் கார்சன், மிஸஸ் ஹியூஸ்தான். அவர் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார். மிஸஸ் ஹியூஸ் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், மணிக்கட்டில் அடிபட்டதாகக் கட்டுப் போட்டுக்கொண்டு, அவரையே சமைக்கவைத்துப் பாடம் புகட்டுகிறார். இப்படி ஒரு வயதான ஜோடியை இவ்வளவு உண்மையாக, இவ்வளவு மரியாதையாகக் காட்டிய வேறு தொடரை நான் பார்க்கவில்லை.

மற்றவை சுருக்கமாக. சப்டைட்டில் போட்டுத்தான் பாருங்கள், யார்க்‌ஷயர் பேச்சு சுலபத்தில் பிடிபடாது. டிவிடி பிளேயரின் லென்ஸை அண்மையில் அடிமாலியில் மாற்றினேன், டிஸ்க்குகளுக்கு இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆறு சீசனைப் பார்க்காமல் படங்களை மட்டும் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது. 2022இல் வந்த இரண்டாவது படத்தில், முன்பு அங்கே வேலை பார்த்த மோல்ஸ்லி, பணிப்பெண் பாக்ஸ்டரிடம் பல வருஷம் சொல்ல முடியாமல் தவித்ததை ஒருவழியாகச் சொல்லிவிடுகிறார். பக்கத்தில் இருந்த ஒலிப்பதிவு மைக் ஆனில் இருந்ததால் அத்தனை பேரும் கேட்டுவிடுகிறார்கள். அந்தச் சந்தோஷம் முழுதாகக் கிடைக்க, அவர் தவித்ததை முன்பே பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் இந்த டிவிடி செட்டை வாங்கலாமா என்று கேட்டால், இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். நேற்று கடைசிப் பாகத்தை மறுபடி பார்த்தேன். கார்சனுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஒயின் ஊற்றும்போது சிந்துகிறது. குடும்ப வழியில் வந்த வியாதி, அப்பாவுக்கும் இருந்தது, இதோடு வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அதைக் கட்டின மனைவியிடமே மறைக்கிறார். கடலில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்களே, அதே கை. கேட்கத் தெரிந்து, சொல்லத் தெரிந்து, ஒரு வீட்டில் சேர்ந்து வாழவும் தெரிந்துகொண்டவரை, கதைக்கு ஒரு கண்ணீர் வேண்டும் என்பதற்காக ஃபெல்லோஸ் மறுபடியும் பழைய ஊமைத்தனத்துக்கே அனுப்பிவிட்டார். மேரிக்குச் செய்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், கார்சனுக்குச் செய்ததைப் பொறுக்க முடியவில்லை. ஐந்துக்கு இரண்டு.