மேஜிக் ஷோ போஸ்டருக்கு 6,500 ரூபாய் தண்டம் அழுதேன்: எச்சரிக்கை

6,500 ரூபாய். ஒரே ஒரு போஸ்டருக்கு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போனால் போகிறது’ என்று எனக்கே தோன்றிவிடும்; அந்த இணையதளத்துக்காரர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

பள்ளி ஆண்டு விழா, பிறந்தநாள், திருவிழா மேடை என்று மேஜிக் செய்து பிழைப்பவன் நான். இந்தக் கோடை விடுமுறையில் ஜூம் வழியாக, டிக்கெட் வைத்து ஒரு குடும்ப நிகழ்ச்சி நடத்தலாம் என்று இறங்கினேன். வெளிநாட்டில் இருக்கும் தமிழ்க் குழந்தைகளும் பார்க்கலாம் என்பது யோசனை. மேடை நிகழ்ச்சி என்றால் ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்றி வந்தாலே கூட்டம் சேரும். ஆன்லைன் நிகழ்ச்சிக்குப் பந்தல், வாசல், டிக்கெட் கவுண்டர் எல்லாமே வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த ஒரு போஸ்டர்தான். அதனால்தான் செலவைப் பார்க்காமல் 6,500 ரூபாய்க்குச் சம்மதித்தேன்.

வடிவமைப்பாளர்களையும் வாடிக்கையாளர்களையும் இணைத்துவைக்கும் இணையதளங்களில் ஒன்று அது. புகார் நடப்பதால் பெயர் சொல்லவில்லை. ‘பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கும், உங்களுக்குத் திருப்தி என்றால் மட்டுமே வடிவமைப்பாளருக்குப் போகும்’ என்று முகப்பிலேயே பூட்டுப் படம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு நம்பிக்கை வந்தது அந்தப் பூட்டுப் படத்தால் மட்டும் அல்ல. பழைய காலத்து மேஜிக் போஸ்டர் மாதிரி வேண்டும் என்று நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே வடிவமைப்பாளரிடமிருந்து பதில் வந்தது: “ஹாரி கெல்லர் போஸ்டர் மாதிரியா சார்? தோளில் குட்டிச் சாத்தான்கள் உட்கார்ந்து காதில் ரகசியம் சொல்லுமே!” நான் மனதில் வைத்திருந்தது அதையேதான். 1890களில் அமெரிக்காவில் கெல்லர் என்ற மேஜிக்காரருக்காகக் கல்லச்சில் அடித்த அந்தச் சிவப்புச் சாத்தான்களை மேஜிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியாட்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் தொழிலை மதிக்கிற ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்று குளிர்ந்துபோனேன். அந்த ஒரு வரிக்குத்தான் 6,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது.

வந்த போஸ்டரைக் கேளுங்கள். சாத்தான்களைச் செயற்கை நுண்ணறிவு வரைந்திருந்தது. அதில் தவறில்லை, ஆனால் ஒன்றின் கையில் ஆறு விரல். என் கையில் விசிறியாக விரித்த சீட்டுகளில் ஒன்றின் மூலையில் 5 என்று இருக்கிறது, நடுவில் ஆறு ஆட்டின்கள். சீட்டு வித்தை பார்க்க வருகிறவன் முதலில் எண்ணுவதே அதைத்தான்! ‘மேஜிக்’ என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு, மகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. தலைப்பு முழுக்க இதே கதை. வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் இப்படித்தான் சிதறும். தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம் ஆகாது. கேட்டால், “என் கணினியில் சரியாகத்தான் தெரிகிறது சார்” என்று பதில்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் வெட்டி அனுப்பிய புகைப்படம் சிறியதாக இருக்கிறது, பெரிதாக அச்சிட்டால் மங்கும் என்று சொல்லி, வெட்டாத மூலப்படத்தைக் கேட்டு வாங்கினார். ‘ஓரத்தில் தெரியும் இடது கை போஸ்டரில் வரவே கூடாது’ என்று எழுதித்தான் அனுப்பினேன். அந்தப் படத்தை அப்படியே நடுவில் ஒட்டிவைத்திருக்கிறார், இடது கையோடு! கையில் எது தெரியக் கூடாதோ அது பளிச்சென்று தெரிகிறது. நிகழ்ச்சியின் முக்கிய வித்தை அது. வித்தையின் ரகசியத்தையே விளம்பரமாகப் போட்ட முதல் மேஜிக்காரன் நானாகத்தான் இருந்திருப்பேன்.

நேரமும் தவறு. இந்தியாவில் இரவு 7.30 என்றால் சிங்கப்பூரில் இரவு 10, லண்டனில் பிற்பகல் 3, டொரண்டோவில் காலை 10 என்று பட்டியல் போட்டே கொடுத்திருந்தேன். டொரண்டோவுக்கும் இரவு 10 என்று போட்டிருந்தார்.

திருத்தங்களை எல்லாம் உடனே அரட்டைப் பெட்டியில் எழுதினேன். “நாளை தருகிறேன் சார்.” மறுநாளும் அதே நாளை. இதற்குள் பின்னால் வேறொன்று நடந்திருக்கிறது. கோப்பு வந்து மூன்று நாளுக்குள் ‘திருத்தம் வேண்டும்’ என்ற பொத்தானை அழுத்தாவிட்டால், வாடிக்கையாளருக்குத் திருப்தி என்று அந்தத் தளம் தானாகவே முடிவு செய்துகொள்ளுமாம். அரட்டையில் பக்கம் பக்கமாக எழுதியது கணக்கில் வராதாம். பூட்டு திறந்தது, 6,500 ரூபாயும் அவர் கணக்குக்குப் போய்விட்டது. பணம் போய்ச் சேர்ந்த பிறகு எழுத்தையும் புகைப்படத்தையும் மட்டும் மாற்றி ஒரு கோப்பு வந்தது. அத்தோடு ஆள் மாயம். அந்த வித்தையை எனக்குக்கூடச் சொல்லித்தரவில்லை.

நாள் நெருங்கிவிட்டதால், டொரண்டோ நேரத்தைக் கைப்பேசியிலேயே மறைத்து எழுதிப் போஸ்டரைப் பரப்பினேன். டிக்கெட்டும் விற்கத் தொடங்கியது. நேற்று முதல் போன் மேல் போன். போஸ்டரில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் டிக்கெட் பக்கம் வரவில்லை. ‘இலவசக் காலம் முடிந்தது, சந்தா கட்டுங்கள்’ என்று ஏதோ வெளிநாட்டு நிறுவனத்தின் பக்கம் வருகிறது. நான் கொடுத்த இணைப்பை நேரடியாகக் கோடாக மாற்றியிருந்தால் அது காலாவதியே ஆகாது. சோதனைக்கால இலவசச் சேவை ஒன்றின் வழியாகச் சுற்றிவிட்டிருக்கிறார். கியூஆர் கோடையாவது நானே மாற்றிக்கொள்கிறேன், எழுத்தும் படமும் தனித்தனி அடுக்காக இருக்கும் மூலக் கோப்பைக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். மாயமான ஆள் இதற்கு மட்டும் தோன்றினார்: “அதற்குத் தனியாக 2,000 ரூபாய் சார்.”

இணையதளத்தின் உதவி மையம் இன்னும் அருமை. முதலில் ஒரு ரோபோ: ‘உங்கள் மனவருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம்.’ பிறகு மனிதர்கள். ஒவ்வொரு முறையும் வேறொரு பெயர், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ‘ஆர்டர் நிறைவடைந்துவிட்டது.’ ‘கலை ரசனை சார்ந்த கருத்து வேறுபாடுகளில் நாங்கள் தலையிடுவதில்லை.’ செத்துப்போன கியூஆர் கோடில் என்னய்யா கலை ரசனை? கடைசியில் பெரிய மனது வைத்து, அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ள 300 ரூபாய் கூப்பன் தந்தார்கள். 6,500 போன இடத்தில் 300. அதுவும் அவர்களிடமே செலவழிக்க வேண்டும்.

போஸ்டர் செய்யக் கொடுப்பவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. ‘தானாக ஏற்கப்படும்’ என்ற வரி விதிமுறையில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். குறையை அரட்டையில் எழுதாதீர்கள், பொத்தானை அழுத்துங்கள். மூலக் கோப்பும் விலையில் அடக்கம் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். கியூஆர் கோடை நீங்களே செய்து கொடுங்கள். அந்தத் தளங்கள் எல்லாவற்றுக்கும் குறைதீர் அதிகாரி என்று ஒருவர் இருந்தாக வேண்டும். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்க்க வேண்டும். அவருக்கு எழுதிவிட்டேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்துவிட்டேன்.

சாத்தான்கள் இருக்கும் போஸ்டர் உங்களுக்கு வந்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தக் கியூஆர் கோடு காட்டும் பக்கத்தில் யாரும் பணம் கட்ட வேண்டாம். அது டிக்கெட் இல்லை. புதிய இணைப்பை இன்று இரவு அனுப்புகிறேன், படம் இல்லாமல் வெறும் எழுத்தாக.