கிளட்ச் கேபிள்: எண்ணெய் விடுவதா, மாற்றுவதா?
பைக்கில் கிளட்ச் லிவர் இழுக்கக் கனமானால் பலரும் உடனே கேபிளை மாற்றச் சொல்வார்கள். நான் முதலில் லிவர் பக்கம் கழற்றிப் பார்ப்பேன். கேபிள் கம்பியின் முனையில் உள்ள உலோகக் குமிழை ஒட்டி ஒரே ஒரு இழை பிரிந்திருந்தாலும் எண்ணெய் விட்டுப் பயனில்லை. அன்றே மாற்றிவிடுங்கள், நடுரோட்டில் அறுந்தால் பெரும்பாடு.

இழைகள் முழுசாக இருந்தால் எண்ணெயே போதும். கேபிளை நிமிர்த்திப் பிடித்து, மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உறைக்குள் விட்டு, கீழ்முனையில் கசியும்வரை கம்பியை மேலும் கீழும் இழுங்கள். கிரீஸ் வேண்டாம், தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

புது கேபிள் போட்டால் லிவர் லேசாக இருக்கும், ஆனால் கேபிள் ஆரம்பத்தில் சற்றுத் தளரும். சில நாளில் மறுபடி அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். அப்புறம், எதைச் செய்தாலும் ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகளில் லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ப்ளே, அதாவது கேபிள் இறுகும் முன் லிவர் சும்மா அசையும் இடைவெளி, விடுங்கள். அதுகூட இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் பிளேட் வழுக்கித் தேயும்.