அறக்கட்டளை கட்டிக் கொடுத்த வீடு: சுவருக்கு நான்கு மதிப்பெண், கூரைக்கு இரண்டு

முன்னாள் ராணுவத்தினருக்கு வீடு கட்டிக் கொடுக்கும் ஓர் அறக்கட்டளையிடம் என் பெரியப்பாவுக்காகப் போய், ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்து, வீடும் கிடைத்து, அந்த வீட்டில் ஒரு கோடையும் ஓர் ஐப்பசி மழையும் பார்த்தாகிவிட்டது. அதனால் இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன். பெயரைப் போடப் போவதில்லை. நல்ல மனிதர்கள்தான், ஆனால் நான் சொல்லப் போவது எல்லாமே நல்லதாக இருக்காது.

பெரியப்பா 1964இல் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். சீனச் சண்டை முடிந்து ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். 71 பாகிஸ்தான் சண்டையும் பார்த்துவிட்டு, 1973இல் தாத்தா படுத்த படுக்கையானதும் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். மொத்தம் ஒன்பது வருஷம். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருஷம் இருந்திருக்க வேண்டும். ஊரில் இன்றைக்கும் எல்லாரும் ‘மிலிட்டரிக்காரர், அவருக்கென்ன, மாசம் பிறந்தா பணம்’ என்றுதான் பேசுவார்கள், அவரும் ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை. பென்ஷன் இல்லாததால் முன்னாள் ராணுவத்தினருக்கு 2003இல் வந்த இசிஎச்எஸ் மருத்துவ அட்டையும் இல்லை. ராணுவ வீட்டுவசதி அமைப்பு ஒன்று 1978இலிருந்து இருக்கிறதே என்று ஒருவர் யோசனை சொன்னார். லாபம் வைக்காமல் விற்கிறார்கள் என்பது சரிதான், ஆனால் அது காசு கட்டி வாங்குகிறவர்களுக்கு.

2023 டிசம்பர் 17, 18 மழையை எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை. சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் தெருவுக்குள் வாய்க்கால் தண்ணீர் ஏறி, பெரியப்பா வீட்டு மண்சுவர் இரண்டு பக்கம் சாய்ந்தது, ஓடு மொத்தமும் உள்ளே விழுந்தது, டிரங்குப் பெட்டியில் இருந்த டிஸ்சார்ஜ் புக், அதாவது ராணுவத்தில் இருந்ததற்கான சான்றுப் புத்தகம், கூழாகப் போனது. நல்லவேளை, பெரியம்மாவும் அவரும் அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தார்கள்.

அப்புறம்தான் இந்த அறக்கட்டளை. முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது, காரணம் என்ன தெரியுமா? பென்ஷன் ஆணை எண் எழுதவில்லையாம். பென்ஷன் இல்லாததால்தானே ஐயா உங்களிடம் வந்தோம்! அந்தப் படிவத்தை யாரோ பென்ஷன் வாங்குகிறவர்தான் தயாரித்திருக்க வேண்டும். நாலு மாசம் அதிலேயே போனது.

வீட்டுக்கு வருகிறேன். பேஸ்மட்டம் இரண்டரை அடி உயர்த்திக் கட்டினார்கள், ஹாலோ பிளாக் சுவர், உள்ளும் வெளியும் பூச்சு, கொத்தனார் வேலை சுத்தம். போன ஐப்பசியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, சுவரில் ஓதம் இல்லை. சிமெண்ட், கம்பி, ஆள் கூலி என்று எல்லாச் செலவுக்கும் பில் நகல் கொடுத்தார்கள், நாங்கள் கேட்கவே இல்லை. இதையெல்லாம் பாராட்டாவிட்டால் நாக்கு அழுகிப்போகும்.

ஆனால் கூரை தகர ஷீட். திருநெல்வேலி வெயிலில், சித்திரையில், எண்பது வயது ஆளைத் தகர ஷீட்டுக்குக் கீழே படுக்கச் சொன்னால் எப்படி? மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. நாங்களே தென்னங்கீற்று வாங்கி மேலே பரப்பினோம், கொஞ்சம் தணிந்தது. பழைய ஓட்டில் உடையாதது பாதிக்கு மேல் இருந்தது, அதைப் போடலாமே என்று கேட்டதற்கு ‘எல்லா வீட்டுக்கும் ஒரே பிளான்’ என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒரே பிளானில்தான் எனக்குப் பெரிய வருத்தம். தார்சா, அதாவது வாசல் பக்கத் தாழ்வாரம், கிடையாது. பழைய வீட்டில் தார்சாவில்தான் அவர் வாழ்க்கையே நடந்தது, காலையில் பேப்பர், சாயங்காலம் தெருவில் போகிறவர்களை எல்லாம் ‘ஏலே, எங்கல போற’ என்று நிறுத்தி விசாரிப்பது. இப்போது கதவைத் திறந்தால் நேராகப் படி. ஐந்து படி, பிடித்து இறங்கக் கம்பி இல்லை. வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்தியது நியாயம், முட்டுவலிக்காரர் எப்படி இறங்குவார் என்று யாரும் யோசிக்கவில்லை. கக்கூஸ் மட்டும் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள், மேல்நாட்டுக் கோப்பை, பக்கத்தில் பிடிமானம் எல்லாம் உண்டு, ஆனால் கதவு உள்பக்கம் திறக்கிறது. உள்ளே விழுந்துவிட்டால் வெளியிலிருந்து எப்படித் தள்ளித் திறப்பது? ஆசாரியைக் கூப்பிட்டு மாற்றிக்கொண்டோம்.

சாவி கொடுத்த அன்றைக்குப் பேனர், போட்டோ, சால்வை. பெரியம்மா அடுப்பைப் பற்ற வைக்க ஒரு மணி நேரம் காத்திருந்தாள். அதை விடுங்கள்.

இவ்வளவுக்கும் மேலே இந்த அறக்கட்டளைக்கு நான் ஆள் அனுப்புவேன் என்றால் அதற்குக் காரணம் அங்கே தொண்டு செய்யும் ஒரு ஓய்வுபெற்ற சுபேதார். வயதில் பெரியப்பாவைவிட இருபது வருஷம் சின்னவர், ஆனால் சுபேதார் என்பது சிப்பாய்க்கு மேல் பதவி, அதனால் அவர் வந்தால் பெரியப்பா எழுந்து நின்று ‘சாப்’ என்பார், அவர் பதறிப்போய் இவரை உட்கார வைப்பார். டிஸ்சார்ஜ் புக் போச்சு என்று நாங்கள் கைவிட்டிருந்தோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, ‘நம்பர் ஞாபகம் இருக்கா?’ பேரன் பேரை மாற்றிக் கூப்பிடுகிற மனிதர் ராணுவ நம்பரை ஒரே மூச்சில் சொன்னார். அதை வைத்துக் காவல் நிலையத்தில் தொலைந்ததற்குச் சான்று வாங்கி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கும் ரெஜிமெண்ட் ஆவண அலுவலகத்துக்கு எழுதி, நகலை வரவழைத்துக் கொடுத்தார்.

அதோடு விடவில்லை. பென்ஷன் இல்லாத, ஹவில்தார் பதவி வரைக்குமான, 65 வயது தாண்டிய, வேறு வருமானம் இல்லாத முன்னாள் வீரர்களுக்கு மத்திய சைனிக் போர்டு வறுமை உதவித்தொகை தருகிறது என்பதே எங்களுக்கு அவர் சொல்லித்தான் தெரியும். மாசம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு 8,000. எங்கள் காகிதம் தாமதமாகி டிசம்பரில் போனது, ஆக அந்த இழுபறி ஒரு வகையில் லாபம். அந்தப் பணம் கொடி நாள் நிதியிலிருந்து வருவது. பள்ளிக்கூடத்தில் டிசம்பர் 7 அன்று சட்டையில் குத்திய காகிதக் கொடிக்கு நாம் போட்ட சில்லறை எங்கே போகிறது என்று எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. விண்ணப்பம் மேலே போயிருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், வீடு கேட்கப் போவதற்கு முன்னால் நல அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். படிவத்தில் பென்ஷன் எண் கேட்டால் காலியாக விடாதீர்கள், ‘பென்ஷன் இல்லை’ என்று பெரிதாக எழுதுங்கள். அஸ்திவாரம் தோண்டும்போதே ஓட்டுக் கூரையையும் தார்சாவையும் பற்றிச் சண்டை போடுங்கள், பிறகு கேட்டால் நடக்காது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று மதிப்பெண். படிக்குக் கம்பியும், வாசலில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு திண்ணையும் போட்டுத் தருகிறோம் என்று சுபேதார் போன வாரம் அளவெடுத்துப் போயிருக்கிறார். போட்டுவிட்டால் ஒன்றைக் கூட்டி எழுதுகிறேன். அதுவரை பெரியப்பா கயிற்றுக் கட்டிலை எதிர்வீட்டு வேம்படியில் போட்டுக்கொண்டு போகிற வருகிறவர்களை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.