எடுத்து வரும் நாயைப் பழக்க எது தோது: விளையாட்டா, கண்டிப்பா?

எங்கள் இலங்கை மலைப்பக்கம் வேட்டை நாய் என்றால் பன்றியை விரட்டிப் போய் மடக்கும் நாட்டு நாய்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 1840களின் கடைசியில் நுவரெலியாவில் வந்து குடியேறிய ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் மரை என்ற பெரிய மானின் வேட்டைக்கு வைத்திருந்ததும் அதே ரகம், கூட்டமாக ஓடிப் பிடிக்கிற நாய்கள். துப்பாக்கிக்காரனோடு போகும் லாப்ரடாரின் வேலை அதற்கு நேர் எதிர். வெடிச்சத்தம் கேட்டாலும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. பறவை விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்து வைத்து, சொன்ன பிறகு போய், பல் பதியாமல் கவ்விவந்து கையில் கொடுக்க வேண்டும்.

காட்டுக்கோழியும் மரையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, அதனால் என் நாய்க்குக் கிடைப்பது சாக்குத்துணிக்குள் மரத்தூள் அடைத்துத் தைத்த பொம்மை மட்டும்தான். பக்கத்து லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பையன் ஒருநாள் கேட்டான், “அண்ணே, இது பன்றி பிடிக்குமா?” “பொம்மை பிடிக்கும் தம்பி” என்றேன். நாயை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

விளையாட்டு வழியில், குட்டிக்கு இரண்டு மாதம் ஆனதுமே பழைய காலுறையைச் சுருட்டி இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உருட்டி விடலாம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நீங்கள். எடுத்த குட்டிக்கு உங்களிடம் வருவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று, நான்கு தடவை போதும். அது இன்னும் கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும். ஆசை வளர இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் என் முதல் நாயை இந்த ஒரே வழியில் வளர்த்துக் கெடுத்தேன். ஒன்பது மாதத்தில் பொம்மையோடு பத்தடி தூரம் வரை வருவான், அப்புறம் தேயிலைச் செடிகளைச் சுற்ற ஆரம்பிப்பான். நான் துரத்தினேன். அவனுக்கு அதுதான் விளையாட்டிலேயே பெரிய விளையாட்டு. ஒருவழியாகப் பிடித்து வாயிலிருந்து இழுப்பேன், அவன் இன்னும் இறுக்கிக் கடிப்பான். இரண்டே வாரத்தில் சாக்கு கிழிந்து மரத்தூள் கொட்டியது. வாய் கெட்டுப்போனது என் இழுப்பால்தான்.

கண்டிப்பு வழியில் எறிதலே முதலில் கிடையாது. “இரு”, “பிடி”, “குடு” என்ற மூன்று சொல்லும் பழகிய பிறகுதான் எறிவார்கள். வாயைத் திறக்க வைப்பதற்குக் காதைக் கிள்ளும் பழக்கமும் பழைய ஆட்களிடம் உண்டு. அதை நான் செய்வதில்லை. பொம்மையை வாயில் வைத்து, தாடைக்குக் கீழே கையை லேசாகக் கொடுத்து இரண்டு வினாடி பிடிக்க வைத்தால் போதும். “குடு” என்றதும் விட்டால் அவித்த ஈரல் ஒரு துண்டு. பால்பல் விழுந்து முளைக்கும் நாலாவது மாதத்திலிருந்து ஆறு, ஏழு மாதம் வரை இதைத் தொடவே கூடாது. ஈறு வலிக்கும்போது பிடிக்கச் சொன்னால், பொம்மை என்றாலே வலி என்று மனதில் பதிந்துவிடும். தெரிந்தவர் ஒருவர் மூன்றாம் மாதமே தொடங்கினார். அந்த நாய் கல் மாதிரி உட்காரும்; எறிந்தால் இரண்டு அடி போய்விட்டு அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்.

இப்போது நான் இரண்டையும் கலக்கிறேன். பல் மாறும் வரை விளையாட்டு, கூடவே சோற்றுத் தட்டுக்கு முன்னால் “இரு” மட்டும். ஏழு மாதத்துக்குப் பிறகு மூன்று, நான்கு வாரம் எறிதலையே நிறுத்திவிட்டு, பிடித்துக் கொடுக்கும் பாடம். அப்புறம் இரண்டையும் சேர்ப்பது. ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் விளையாட்டைத்தான் எடுப்பேன். அடக்கத்தைப் பின்னால் ஊட்டலாம், செத்துப்போன ஆசையைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

இடத்துக்கு வருவோம். காலைப் பெயர் போட்டு ஆட்கள் மலைக்கு ஏறியதும், அவர்கள் கூடும் பிரட்டுக்களம் காலியாகிவிடும். ஆரம்பத்துக்கு அது தோது. சரிவில் எறிந்தால் மேல்நோக்கி எறியுங்கள், பாரத்தோடு திரும்பும் குட்டி இறக்கத்தில் உங்களிடமே வந்து சேரும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலைக்குள் விடவே வேண்டாம். வெட்டுக்கட்டை ஒவ்வொன்றும் ஆணி மாதிரி நிற்கும், கண்ணும் வயிறும் தப்பாது. காட்டோரத்தில் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு இருக்கலாம், அங்கே நீளக் கயிற்றை அவிழ்க்காதீர்கள். பொழுது சாய்ந்தால் புலிப்பயம். லயத்து நாய்களைத் தூக்கிப் பழகிய சிறுத்தை நம் லாப்ரடாரை மட்டும் விட்டுவிடாது. வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கிலும் மூக்கிலும் அட்டை பார்க்க வேண்டும்.

குரலா விசிலா என்றால் விசில்தான். கொழுந்து மலையில் ஏற்கனவே ஆயிரம் கூப்பாடு. நீளமாக ஒன்று ஊதினால் உட்கார், சின்னச் சின்னதாக ஊதினால் வா.

வெடிக்குப் பழக்குவதில் அவசரம் ஆகாது. தீபாவளிக்குச் சீனவெடியைக் காலடியில் கேட்ட குட்டியைத் தேற்றுவது கஷ்டம். சோறு தின்னும்போது தூரத்தில் தட்டைத் தட்டித் தொடங்குங்கள். பிறகு நூறு யார் தள்ளி ஒருவர் வெடி போட, இங்கே பொம்மை எறியுங்கள்.

இப்போது இருக்கிற பெட்டைக்குப் பதினொரு மாதம். கையில் கொண்டுவந்து தருகிறாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம் மட்டும், பொம்மையைக் கானில் (வடிகாலில்) போட்டுவிட்டு அவர்கள் பின்னால் போய்விடுகிறாள்.