காருக்கு கேஸ் கிட் போடுகிறவர்கள் கவனத்துக்கு: டேங்க் தகட்டைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

கோவைப் பக்கம் கால் டாக்ஸி ஓட்டுகிறவர்களும், சொந்தக் காருக்கு எல்.பி.ஜி கிட் போடலாமா என்று விசாரித்துக்கொண்டிருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை. இதே மாதிரி வேலை செய்த வண்டிகள் வேறு கடைகளிலிருந்தும் தன்னிடம் வருவதாக எங்கள் மெக்கானிக் சொல்கிறார்.

வண்டி என் சித்தப்பாவுடையது. 2014 மாடல் வேகன் ஆர், டாக்ஸி பெர்மிட். பாலக்காடு, பொள்ளாச்சி, சில நாள் ஊட்டி என்று ஓட்டம். பெட்ரோல் விலைக்குக் கட்டுப்படியாகாமல்தான் கேஸுக்கு மாற நினைத்தார். கடைக்காரர் 38,000 ரூபாய் கேட்டார். புது சீக்வென்ஷியல் கிட் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் கேஸ் செலுத்துவது), புது டேங்க், ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றம் எல்லாம் அதில் அடக்கம் என்றார். “ட்யூனிங் லேப்டாப்லயே பண்ணிக் குடுத்துருவோமுங்கண்ணா. பெட்ரோல்ல என்ன மைலேஜ் வருதோ, கேஸ்லயும் அதே வரும்” என்று வேறு சொன்னார்.

அந்த மைலேஜ் கதையிலேயே உஷாராகிவிடுங்கள். புரொபேனும் பியூட்டேனும் கலந்ததுதான் ஆட்டோ எல்.பி.ஜி. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் ஒரு லிட்டர் கேஸில் உண்டு. எவ்வளவு நன்றாக ட்யூன் செய்தாலும் லிட்டருக்கான கிலோமீட்டர் குறையத்தான் செய்யும். லாபம் விலை வித்தியாசத்தில்தான் வரவேண்டும். இதை முதலிலேயே சொல்கிற கடைக்காரரை ஓரளவு நம்பலாம்.

வண்டி வெளியே வந்த கொஞ்ச நாளிலேயே தொந்தரவு ஆரம்பித்தது. மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுக்கவில்லை. பெட்ரோலுக்கு மாற்றினால் புகை கறுப்பாக வந்தது, பெட்ரோல் மைலேஜும் விழுந்தது. எஞ்சின் லைட் எரிந்தது. கடைக்குக் கொண்டுபோனால், “ஓட ஓட செட் ஆயிடுமுங்கண்ணா” என்றார்கள். அடுத்த முறை போனபோது லைட்டை அணைத்துக் கொடுத்தார்கள். காரணத்தைத் தேடவில்லை, வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் குறியீட்டை மட்டும் அழித்திருக்கிறார்கள். மறுபடி எரிந்தது.

உக்கடம் பக்கம் இருக்கிற ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் ஸ்கேனரை மாட்டி, ஃப்யூவல் ட்ரிம் என்ற எண்ணைக் காட்டினார். “இது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில நிக்கணும் தம்பி. இங்க இருபதைத் தாண்டிப் போயிருக்கு பாருங்க” என்றார். கேஸில் ஓடும்போது கலவையில் எரிபொருள் போதவில்லை. வண்டியின் சொந்தக் கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்ட, கூட ஊற்று கூட ஊற்று என்று கற்றுக்கொண்டே போயிருக்கிறது. அதே பாடத்தோடு பெட்ரோலுக்கு மாறியதும் அங்கே அளவுக்கு மீறி ஊற்றுகிறது. கறுப்புப் புகைக்கு அதுதான் காரணம்.

ட்யூனிங் எப்படி நடக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். வண்டி நிற்கிற இடத்திலேயே ஆட்டோ கேலிப்ரேஷன் (கேஸ் அளவைத் தானாகச் சரிசெய்வது) பட்டனை அழுத்துவது வெறும் ஆரம்பம். அதற்கு முன்பே எஞ்சினுக்குத் தகுந்த அளவில் கேஸைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனையை (நாசில்) துளையிட்டிருக்க வேண்டும். அப்புறம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் உட்கார, வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மேடு, டாப் கியர், ஆள் பாரம், எல்லா நிலையிலும் பெட்ரோலிலிருந்து கேஸுக்கும் கேஸிலிருந்து பெட்ரோலுக்கும் மாற்றிப் பார்க்கும்போது பெட்ரோல் இன்ஜெக்ஷன் நேரம் (இன்ஜெக்டர் திறந்திருக்க வேண்டும் என்று வண்டிக் கம்ப்யூட்டர் சொல்லும் நேரம்) ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்க வேண்டும். எங்கே விலகுகிறதோ அங்கே மேப்பை (எந்த நிலையில் எவ்வளவு கேஸ் என்ற அட்டவணையை) திருத்த வேண்டும். எங்கள் வண்டி அந்தக் கடையின் வாசலைத் தாண்டவே இல்லை. நாசிலும் சின்ன அளவு. ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) எல்லாம் ஒழுங்காகத் தெரியும், பாரம் ஏறினால்தான் கேஸ் பற்றாது.

பாரத்தில் பற்றாமல் ஓடினால் எக்ஸாஸ்ட் வால்வுதான் முதலில் அடிபடும். பெட்ரோலைவிடக் கேஸ் உலர்ந்த எரிபொருள், வால்வு சீட்டுக்கு ஏற்கனவே தேய்மானம் அதிகம். கலவையும் மெலிந்து சூடும் ஏறினால் சொல்லவே வேண்டாம். எங்களுக்கு ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் (அழுத்தம்) இறங்கி, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. கிட்டில் மிச்சம் பிடிப்போம் என்று நினைத்த பணம் அதிலேயே போய்விட்டது.

வேப்பரைசருக்குப் போகும் கூலன்ட் லைனையும் ஏனோதானோ என்று இழுத்திருந்தார்கள். திரவமாக வரும் கேஸை ஆவியாக்க எஞ்சினின் சுடுநீர் வேண்டும். சரியாகச் சுற்றாததால், ஊட்டிச் சவாரியில் அதன் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. அதைச் சித்தப்பா போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.

இதெல்லாம் மோசமான வேலை என்று விட்டுவிடலாம். டேங்க் அப்படியில்லை, அது உயிர் சம்பந்தப்பட்டது. எல்.பி.ஜி டேங்கில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும் என்பதற்காகவே வால்வு அந்த அளவில் தானாக அடைத்துக்கொள்ள வேண்டும். 60 லிட்டர் டேங்க் என்றால் 48-உடன் நிற்கவேண்டும். எங்களுடையதில் பங்கில் ஒருநாள் 52 ஏறியது. பங்க்காரப் பையன்தான் பயந்துபோய், “அண்ணா, இதை உடனே காட்டுங்க” என்றான். அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும்.

மெக்கானிக் டேங்கின் கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினார். உற்பத்தித் தேதி இருக்கவேண்டிய இடத்தில் கிரைண்டர் கோடுகள். பழைய டேங்கைத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, புதிது என்று விற்றிருக்கிறார்கள். வண்டி டேங்க்குகளை 5 ஆண்டுக்கு ஒருமுறை அனுமதி பெற்ற நிலையத்தில் சோதிக்க வேண்டும் என்பது விதி. தேதியே இல்லாதபோது எதை வைத்துக் கணக்குப் போடுவது? வால்வைச் சுற்றிக் காற்றுப்புகாத மூடியும், அதிலிருந்து வண்டிக்கு அடியில் வெளியே போகும் குழாயும் இருக்கவேண்டும். எங்களுக்கு மூடி இருந்தது, குழாய் வண்டிக்குள்ளேயே முடிந்திருந்தது. கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, பின் சீட்டுக்குக் கீழே தேங்கும்.

அடுத்தது காகிதம். எஃப்.சி-க்கு (வண்டித் தகுதிச் சான்று) போன இடத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஆர்.சி.யைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார், வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆர்.சி.யில் வெறும் பெட்ரோல் என்றுதான் இருக்கிறது. ‘போட்டுவிட்டோம், கார்டு வரும்’ என்று கடையில் மாதக்கணக்கில் சொன்னதெல்லாம் பொய். அவர்கள் கொடுத்த ஒப்புதல் சான்றிதழ் ஒரு நகல்தான். புனே ஏ.ஆர்.ஏ.ஐ, மானேசர் ஐகாட் போன்ற சோதனை நிறுவனங்கள் கிட்டுக்கு ஒப்புதல் தரும்போது எந்த சிசி வரம்பு எஞ்சினுக்கு என்று குறிப்பிட்டுத்தான் தருகின்றன. அதற்குக் காலாவதியும் உண்டு. எங்களிடம் இருந்த நகலில் வண்டியின் சிசி-யும் பொருந்தவில்லை, தேதியும் முடிந்திருந்தது.

ஆர்.சி.யில் ஏறாத கிட் இன்ஷூரன்ஸிலும் ஏறாது. முறையாகச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு ரொம்பச் சின்னது: கிட் மதிப்பில் 4 சதவீதம், தேர்ட் பார்ட்டிக்கு 60 ரூபாய் என்பதுதான் வழக்கமான கணக்கு. அதைச் செய்யாமல் ஒரு விபத்து நடந்திருந்தால், கேஸ் வண்டி என்ற ஒரு வார்த்தையை வைத்தே கிளைமை இழுத்தடித்திருப்பார்கள்.

ஆக, கிட் போடுவதாக இருந்தால், டேங்க் வண்டியில் ஏறுவதற்கு முன்பே அதன் தகட்டைப் போட்டோ எடுங்கள். தயாரிப்பாளர், சீரியல் நம்பர், கொள்ளளவு, தேதி எல்லாம் படிக்கிற மாதிரி இருக்கவேண்டும். அதே சீரியல் நம்பர் பில்லிலும் இருக்கட்டும். எங்கள் பில்லில் ‘கேஸ் வேலை’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஆர்.சி.யில் மாறிய பிறகுதான் கடைசித் தவணை என்று பேசிக்கொள்ளுங்கள். ரோட்டில் ஓட்டி ட்யூன் செய்யும்போது உடன் போங்கள். மாட்டேன் என்று சொன்னால் வேறு கடை பாருங்கள். இன்னொன்று: பங்க் இல்லாத ஊர்ப்பக்கம் போனால் வீட்டு சிலிண்டரிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம், மோட்டார் தருகிறோம் என்றும் அந்தக் கடையில் சொன்னார்கள். அது சட்டப்படி குற்றம். அப்படிச் சொல்கிற கடையில் பேச்சைத் தொடராமல் கிளம்பிவிடுங்கள்.

நாங்கள் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். கடைக்காரர் மசியவில்லை. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். மெக்கானிக்கின் எழுத்துமூல அறிக்கை, ஸ்கேனர் படங்கள், 52 லிட்டர் போட்ட பங்க் ரசீது எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறோம்.

பழைய சாமான் என்று சொல்லித்தான் விற்றோம் என்பது கடைக்காரரின் பதில். நோட்டீஸ் கிடைத்த பிறகு சித்தப்பாவுக்குப் போன் செய்து, “டேங்கை மட்டும் திருப்பிக் குடுத்துருங்கண்ணா, பாதிப் பணம் தந்துர்றேன்” என்கிறார். கேஸை முறையாக வெளியேற்றி, டேங்கைக் கழற்றி மெக்கானிக்கின் ஷெட்டில் பூட்டி வைத்திருக்கிறோம். தீர்ப்பு வரும்வரை தரப்போவதில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு போன் வந்தால், டேங்கைக் கொடுத்துவிடாதீர்கள்.