"பாந்தே ஸ்ரீ மூடியிருக்கு" என்று சொன்னார்கள்: எங்கள் கம்போடியா டூர் அனுபவம்

கம்போடியா, ஆங்கோர் வாட் என்று டூர் புக் பண்ண இருப்பவர்கள், அதிலும் வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான். ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. இன்பாக்ஸில் வந்தும் கேட்க வேண்டாம்.

அம்மா பிறந்தது காரைக்காலில். ஆனிப் பௌர்ணமிக்கு பிச்சாண்டவர் வீதி வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் வந்து விழும், அதைப் பாவாடையில் ஏந்திப் பிடித்து வளர்ந்தவர். கம்போடியாவில் ஒரு கோயிலில் காரைக்கால் அம்மையார் இருக்கிறார் என்று யாரோ சொற்பொழிவில் சொல்லக் கேட்டதிலிருந்து பிடித்துக்கொண்டார். "காசிக்குக்கூட வேணாம்டா தம்பி, எங்க ஊர்க்காரி அவ்வளவு தூரம் போயிருக்கா, ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்." வயது 68, முழங்கால் வலி உண்டு. தனியாகத் திட்டம் போட்டு அலைக்கழிக்க வேண்டாம், குரூப் டூர் என்றால் பத்திரம் என்று நினைத்தேன். அங்கேதான் ஆரம்பித்தது.

ஃபேஸ்புக்கில் பார்த்த விளம்பரம். உலகப் பாரம்பரியச் சின்னங்கள் வரிசையில் கம்போடியா, 4 இரவு 5 பகல், தலைக்கு 84,000 ரூபாய். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பில் தெளிவாக எழுதியிருந்தது: ஆங்கோர் என்ற பழைய கோயில்கள் இருக்கும் இடத்தில் மூன்று நாள், எல்லா நுழைவுச்சீட்டும் உட்பட, தமிழில் விளக்கம், சைவச் சாப்பாடு. மூன்றாம் நாள் பாந்தே ஸ்ரீ, அம்மா கேள்விப்பட்ட அந்தக் கோயில். அந்த ஒரு வரிக்காகத்தான் பணம் கட்டினேன். இரண்டு பேருக்கு 1,68,000. அதற்கு மேல் டிசிஎஸ் (நம்மிடம் பிடித்து நம் பெயரில் அரசுக்குக் கட்ட வேண்டிய வரி) 5 சதவீதம் என்று 8,400 தனியாக வாங்கினார்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு அப்போது அதுதான் விதி, அதில் தப்பில்லை. விசாவுக்கு என்று தலைக்கு 6,500 வாங்கியதுதான் அநியாயம். சுற்றுலா விசாவை அங்கே விமான நிலையத்திலேயே 30 டாலர் கட்டி வாங்கலாம், அன்றைய விலைக்கு 2,500 ரூபாய்கூட ஆகாது. இப்போது இ-அரைவல் கார்டு என்று ஒன்று நிரப்பச் சொல்கிறார்கள். அது இலவசம், அதற்கும் காசு கேட்கும் போலித் தளங்கள் இருக்கின்றன.

2024 ஜனவரி 24, சாயங்காலம் போய் இறங்கினோம். மொத்தம் 22 பேர். ஆங்கோருக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பின் புது விமான நிலையம் ஊரைவிட்டு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, 2023 அக்டோபரில் திறந்தது. மறுநாள் தைப்பூசம். காலையில் டிக்கெட் வாங்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். ஆங்கோருக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்று நாள் சீட்டு என்றால் தொடர்ந்து போக வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். கவுன்டரில் ஒவ்வொருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்து, முகத்தோடு அட்டை அச்சடித்துக் கொடுப்பார்கள். இன்னொருவர் சீட்டில் நீங்கள் போக முடியாது, வெளியில் விற்கும் சீட்டு எதுவும் செல்லாது. பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு இலவசம், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாங்கினால் மறுநாளுக்குச் செல்லும், அன்றைய சூரிய அஸ்தமனத்தைப் பார்க்கவும் விடுவார்கள். இதில் எதையும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, பிற்பாடு நானாகத் தெரிந்துகொண்டது.

அட்டை கைக்கு வந்ததும் டூர் மேனேஜர் ஒரு துணிப்பையோடு வந்து நின்றார். "எல்லாரும் கார்டை இதுல போட்டுடுங்க. தொலைஞ்சா திரும்ப முழுக்காசு கட்டணும் சார்." தொலைத்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பது உண்மை, அதனால் நியாயமாகப் பட்டது. ஒவ்வொரு கோயில் வாசலிலும் அட்டையைக் கொடுப்பார், உள்ளே நுழைந்ததும் வாங்கிக்கொள்வார். ஒரு தடவைகூட அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துப் பார்க்கவில்லை. பேங்கில் வேலை பார்க்கிறவன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த ஒரே நாளில் ஆங்கோர் வாட், பாயோன், தா ப்ரோம் என்று மூன்று கோயில்களுக்கும் ஓடவிட்டார்கள். ஆங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். விடியற்காலை மேற்குப் பக்கக் குளக்கரையில் நின்றால் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் வரும், அதற்காகவே ஐந்து மணிக்குத் திறக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தது எட்டே முக்கால். கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பம் ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். அம்மா வாசுகியின் தலைப்பக்கமிருந்து அசுரர்களை ஒவ்வொருவராக எண்ண ஆரம்பித்தார். மொத்தம் 92 பேர். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார், அதற்குள் விசில் அடித்துக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தமிழில் விளக்கமா? அங்கே உரிமம் வாங்கிய உள்ளூர் கைடுதான் உள்ளே நின்று விளக்க முடியும். ஆங்கிலம் பேசும் ஒருவரை அரை நாளுக்கு மட்டும் அமர்த்தியிருந்தார்கள். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மத்தியானத்துக்கு மேல் அவரும் இல்லை.

ஆங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்கு ஏற முடியவில்லை. "இன்னைக்குப் பௌர்ணமி, புத்த நாள், மேல விட மாட்டாங்க" என்றார் மேனேஜர். அது உண்மை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மறுநாள் காலை டிபன் சாப்பிடும்போது அவர் அடுத்த குண்டைப் போட்டார்: "பாந்தே ஸ்ரீல மராமத்து நடக்குது, மூடியிருக்காங்க. அதுக்குப் பதிலா ஸ்பெஷலா மூணு இடம் ஏற்பாடு பண்ணியிருக்கோம்." முந்தின நாள் சொன்னது நிஜமாக இருந்ததால் ஒருத்தரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அம்மாவின் முகம்தான் விழுந்துபோனது. இட்லியை அப்படியே வைத்துவிட்டார்.

அந்த ஸ்பெஷல் மூன்று இடங்கள்: ஒரு பட்டு ஷோரூம், ஒரு ரத்தினக்கல் கடை, டோன்லே சாப் ஏரியில் ஒரு மிதக்கும் கிராமம். கடைகளில் தலா ஒன்றரை மணி நேரம், வெளியே வரும் கதவு எது என்றே தெரியாத கட்டடம். ஏரியில் படகு நடுவே ஒரு கடையில் நின்றது. அனாதைப் பிள்ளைகள் பள்ளிக்கு அரிசி வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டார்கள், மூட்டை 50 டாலர். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கண்கலங்கி வாங்கிக் கொடுத்தார். ராத்திரி ஊர்க் கடையில் அதே அளவு மூட்டைக்கு விலை கேட்டேன், பாதிகூட இல்லை. அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. இந்தப் பதிவைப் படித்தால் மன்னிக்கட்டும். ஊருக்குள்ளும் இதே மாதிரி ஒன்று உண்டு: கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து காசு வேண்டாம், பால் பவுடர் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்பார். டப்பா திரும்ப அதே கடைக்குப் போய்விடும்.

அன்று இரவு ஹோட்டல் ரிசப்ஷனில் சும்மா கேட்டேன், பாந்தே ஸ்ரீ எப்போது திறப்பார்கள் என்று. அந்தப் பெண் விழித்தார். "எப்போதும் போல் காலை ஏழரைக்கு. இன்றும் திறந்துதான் இருந்தது." எங்களிடம் பாஸ் இருக்கிறதா என்று கேட்டார். மேனேஜரிடம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், அம்மா சுருக்குப்பையிலிருந்து தன் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். தா ப்ரோமில் மேனேஜர் திரும்ப வாங்கும்போது அம்மா கொடுக்கவில்லையாம். "என் போட்டோ நல்லா வந்திருந்துதுடா, ஞாபகத்துக்கு இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டேன்."

அட்டையில் அச்சடித்திருந்தது: ஒரு நாள். ஜனவரி 25.

அதற்குப் பிறகு கணக்குப் போட எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. தலைக்கு 25 டாலர் மிச்சம், 22 பேருக்கு 550 டாலர், நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். பாந்தே ஸ்ரீக்கும் அதே ஆங்கோர் சீட்டுதான் வேண்டும். அதனால் கோயிலை மூடினால்தான் கணக்கு சரியாக வரும்.

மேனேஜர் அறைக் கதவைத் தட்டினேன். முதலில் மராமத்து என்றார், பிறகு சாலை சரியில்லை என்றார், கடைசியில் பிடிஎஃப்பின் அடியில் எறும்பு எழுத்தில் "பயணத்திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது" என்று இருப்பதைக் காட்டினார். "உங்களுக்கு மட்டும்னா சொல்லுங்க சார், ரெண்டு பேருக்குப் பேசி முடிச்சுக்கலாம். மத்தவங்ககிட்ட எதுவும் வேணாம்." வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

27-ஆம் தேதி விடிந்ததும் அம்மாவும் நானும் தனியாகக் கிளம்பினோம். புதிதாக இரண்டு சீட்டு 74 டாலர், டுக்-டுக் போக வர 25 டாலர். முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல், ஒரு மணி நேரத்துக்கும் அதிகம், வழியெல்லாம் வயலும் பனைமரமும். "திருவாரூர் போற ரோடு மாதிரியே இருக்கு" என்றார் அம்மா. சாலை அருமையாக இருந்தது.

பாந்தே ஸ்ரீ சின்னக் கோயில். ராஜா கட்டியதல்ல, யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர் கட்டியது, 967-இல் குடமுழுக்கு. ரோஜா நிறக் கல்லில் மரத்தில் செதுக்குவது போலச் செதுக்கியிருக்கிறார்கள். இந்தக் கோயிலிலிருந்து 1923-இல் தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பிடிபட்ட ஆந்த்ரே மால்ரோ பிற்காலத்தில் பிரான்சின் கலாச்சார அமைச்சர் ஆனார். எங்கள் மேனேஜருக்கும் எதிர்காலம் இருக்கிறது போல.

கிழக்கு வாசல் முகப்பில், மேலே, பல கைகளோடு சிவன் ஆடுகிறார். காலடியில் ஓர் ஓரமாக ஒரு மெலிந்த உருவம். கண்ணுக்குச் சட்டென்று பிடிபடவில்லை, போனில் பெரிதாக்கிக் காட்டினேன். வற்றித் தொங்கும் மார்பு, எலும்பு தெரியும் உடம்பு. பதிகத்தில் அம்மையார் தன்னைப் பேய் என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படியே. கங்கைகொண்ட சோழபுரத்திலும் ஆடவல்லான் பக்கத்தில் இவரைப் பார்த்திருக்கிறேன். ஆய்வாளர்கள் பலர் இதையும் காரைக்கால் அம்மையார் என்றே சொல்கிறார்கள். அம்மாவுக்கு ஆய்வாளர் தேவைப்படவில்லை. யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ரொம்ப நேரம் கழித்து, "மாம்பழம் ஒண்ணு கொண்டாந்திருக்கலாம்" என்றார்.

வாசலில் அம்மாவை நிற்கவைத்து ஒரு படம் எடுத்து டூர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: "பாந்தே ஸ்ரீ திறந்திருக்கிறது. இப்போதுதான் எடுத்தது." அரை மணி நேரத்தில் என்னைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஆனால் எட்டுப் பேர் அதற்குள் பார்த்துவிட்டார்கள், இப்போது என்னோடு புகாரில் சேர்ந்திருப்பவர்கள் அவர்கள்தான்.

ஊருக்கு வந்து பார்த்தால் இன்னொன்று. டிசிஎஸ் என்று பிடித்த 8,400 ரூபாய் நம் பான் எண்ணில் கட்டப்பட்டிருந்தால் 26ஏஎஸ் படிவத்தில் தெரிய வேண்டும், வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம். ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது பார்த்தேன், ஒரு பைசா ஏறவில்லை. டூர் போனவர்கள் எல்லாரும் உங்கள் 26ஏஎஸ்ஸை ஒரு தடவை பாருங்கள். வருமான வரித்துறைக்கு எழுதப்போகிறேன் என்று ஒரு வரி மெயில் போட்டேன், நான்காம் நாள் 8,400 என் கணக்குக்கு வந்துவிட்டது. மற்ற பணத்துக்கு ஏஜென்சிக்கு அப்படி பயம் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்த பிறகு, அடுத்த பாலி டூரில் தலைக்கு 5,000 தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்தது. அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பிடிஎஃப், பணம் கட்டிய ரசீது, அம்மாவின் சுருக்குப்பை அட்டை எல்லாம் வைத்திருக்கிறோம்.

போன வாரம் இன்னொரு ஆதாரமும் கிடைத்தது. அதே ஏஜென்சி அடுத்த கம்போடியா டூருக்கு விளம்பரம் போட்டிருக்கிறது. "பாந்தே ஸ்ரீயில் காரைக்கால் அம்மையார் தரிசனம், எங்கள் பயணிகளின் மகிழ்ச்சி" என்று தலைப்பு. கீழே, கிழக்கு வாசல் முன்னால், செருப்பில்லாமல் சிரித்தபடி நிற்பது என் அம்மா.

ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "புடவைக் கொசுவம் நல்லா விழுந்திருக்குல்ல" என்றார்.