புறக்கோட்டைச் சிட்ரொனெல்லா எண்ணெய்: ஏட்டுக்குப் பூசலாமா?

புறக்கோட்டை கேபோஸ் லேன் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிட்ரொனெல்லா எண்ணெய் (ஒருவகை வாசனைப் புல்லிலிருந்து வடிப்பது), கலப்படம் இல்லாவிட்டால், ஏட்டுச்சுவடிக்கு நல்ல காப்பு. கொழும்பின் ஈரக்காற்றில் ஓலை பூஞ்சணம் பிடிக்கும். ஏசி அறையில் முறுகும். இரண்டும் மாறி மாறி வந்தால் கயிறு கோத்த கண்ணிலிருந்து வெடிப்பு ஓடும். இந்த எண்ணெய் ஓலையைத் துவள வைக்கும், வாசம் பூச்சியை அண்டவிடாது.

வாங்கியதும் சோதித்துப் பாருங்கள். 95 சதவீத எத்தனோல் (மதுசாரம்) 16 மில்லிலீற்றரில் 3 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 80 சதவீதமாகும். அதில் 10 மில்லிலீற்றர் எடுத்து, 1 மில்லிலீற்றர் எண்ணெய் விட்டுக் குலுக்குங்கள். நல்ல எண்ணெய் தெளிவாகக் கரையும். இலேசாக மங்கினால் பரவாயில்லை. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் துளிகள் மேலே மிதக்கும், தேங்காய் எண்ணெய் அடியில் தங்கும். இலங்கைச் சிட்ரொனெல்லாவில் மண்ணெண்ணெய் கலப்பது பழைய வியாதி. ஏற்றுமதி வியாபாரத்தில் ஷிம்மல் சோதனை என்று பேர்பெற்றது மேலே சொன்ன இந்தக் குலுக்கல் சோதனைதான்.

பூசுமுன் மென் தூரிகையால் தூசி தட்டுங்கள். கீறிய எழுத்து மங்கியிருந்தால் விளக்குக் கரியை இதே எண்ணெயில் குழைத்துத் தேய்த்து, உடனே துணியால் துடையுங்கள். கரி கீறலில் மட்டும் நிற்கும். பிறகு எண்ணெயும் மதுசாரமும் சரிபாதி கலந்து, ஓர் ஓரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு, பஞ்சால் நரம்போட்டத்தின் வழியே ஒரே தடவை பூசுங்கள். தாளிப்பனை ஓலை மெல்லியது, பனையோலையை விடக் குறைத்தே பூச வேண்டும். நிழலில் ஏடு ஏடாகப் பரப்பி நன்றாக உலர்ந்த பின்பே கட்டுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது எழுத்தோடு மேற்தோல் உரியும். அந்த இழப்புக்கு மாற்றே இல்லை.

நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டவே வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும், ஓலை கறுக்கும். சிட்ரொனெல்லா ஆவியாகிப் போவதால் அந்தத் தொல்லை குறைவு; ஆனால் ஆண்டுக்கொருமுறை பிரித்துப் பார்த்து, ஓலை விறைத்திருந்தால் மறுபடி பூச வேண்டும்.

கடதாசிச் சுவடி, மையால் எழுதியது, வர்ணம் தீட்டியது எதற்கும் இதைத் தொடாதீர்கள். தொட்டாலே உதிரும் ஏடென்றால் வீட்டில் கை வைக்காமல் தேசிய சுவடிகள் கூடத் திணைக்களத்தில் கேளுங்கள்.

நுளம்புக்கென்று விற்கும் போத்தல்களில் பெரும்பாலும் வேறு எண்ணெய் சேர்ந்திருக்கும், அவற்றை விடுங்கள். சிறிய, நிறக் கண்ணாடிப் போத்தலாகப் பார்த்து வாங்குங்கள், திறந்து வைத்த எண்ணெய் காற்றுப்பட்டுத் தடித்துவிடும்.